ஆயில் என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லையா? டேங்கிலிருந்து தொடங்குங்கள்

பண்ருட்டி, திருவதிகை, நெல்லிக்குப்பம் வட்டாரத்தில் இன்று பெரும்பாலான கிணறுகளில் மின் மோட்டார்தான் ஓடுகிறது. முன்பு வயலுக்கே உயிர் கொடுத்த ஆயில் என்ஜின் பல கொட்டகைகளில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. ஆனால் அதன் தேவை தீர்ந்துவிடவில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின் கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பக்கத்திலேயே நெய்வேலியில் 1962 முதல் மின்சாரம் உற்பத்தியாகிறது என்றாலும், கம்பி அறுந்த பின் அது வயலுக்கு வந்து சேர வழியில்லை. கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த பெஞ்சல் புயலை அடுத்து கடலூர் மாவட்டத்தில் வெள்ளம் வயல்களில் ஏறியது. தண்ணீர் இல்லாவிட்டாலும் ஆயில் என்ஜின் வேண்டும். தண்ணீர் மிகுந்துவிட்டாலும் வேண்டும்.

அந்த நேரம் பார்த்து என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் போனால் நஷ்டம் பெரிது. பூக்கும் பருவத்து நெல் தண்ணீருக்கு ஏங்கினால் பதர் மிகும். உளுந்திலும் கத்தரியிலும் ஓரிரு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகிவிடும். புயலுக்குப் பின் மெக்கானிக் உடனே கிடைப்பதும் அரிது. ஆகவே விவசாய அன்பர்கள் தாங்களே கோளாற்றைக் கண்டறியும் முறையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இதற்கு வேண்டியவை இரண்டு ஸ்பேனர், ஒரு ஸ்குரூ டிரைவர், சுத்தமான துணி, கொஞ்சம் பொறுமை ஆகியவைதாம். டேங்கில் தொடங்கி நாசில் வரை வரிசையாகப் பார்க்க வேண்டும். குற்றமற்ற பாகத்தைக் கழற்றக் கூடாது. இந்தப் பாடத்தின் சாரம் இதுவே.

என்ஜின் எப்படித் தீ மூட்டிக்கொள்கிறது?

ஸ்கூட்டரின் பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி எழுப்ப ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் என்ஜினில் அது கிடையாது. ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய என்ஜினின் தத்துவம் எளிமையானது. காற்றை மிகவும் நெருக்கினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். நம் 5 குதிரைசக்தி என்ஜினில் பிஸ்டன் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்குகிறது. அப்போது காற்றின் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். அந்தக் கணத்தில் டீசலைப் பனிப்புகை போல் உள்ளே பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும்.

பீய்ச்சும் வேலையை இன்ஜெக்‌ஷன் பம்பும் நாசிலும் செய்கின்றன. நாசில் திறப்பதற்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தம் தேவை. லாரி டயரில் உள்ள காற்றழுத்தம் 8 கிலோ அளவுதான் என்பதை நினைத்தால் இதன் வேகம் புரியும். இவ்வளவு அழுத்தம் உண்டாக வேண்டுமானால் குழாயில் டீசல் மட்டுமே இருக்க வேண்டும். சிறு காற்றுக்குமிழி இருந்தாலும் பம்ப் அந்தக் குமிழியைத்தான் நசுக்கும், நாசில் திறக்காது. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும் என்பதே காரணம்.

ஆக, ஸ்டார்ட் ஆவதற்கு வேண்டியவை மூன்று. ஒன்று, காற்றும் தண்ணீரும் கலக்காத டீசல் நாசில் வரை வர வேண்டும். இரண்டு, உள்ளே வரும் காற்று கசியாமல் நெருக்கப்பட வேண்டும். மூன்று, பிளைவீல் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இம்மூன்றில் ஏதோ ஒன்று குறைகிறது. எது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

ஸ்பேனரைத் தொடும் முன்

முதல் ஐந்து நிமிடம் கண்ணாலும் கையாலும் மட்டும் பார்க்க வேண்டும்.

1. டேங்கில் டீசல் இருக்கிறதா? டேப் திறந்திருக்கிறதா?

2. டேங்க் மூடியில் உள்ள சிறு துவாரம் தூசியால் அடைத்திருக்கிறதா? அடைத்திருந்தால் வெளிக்காற்று உள்ளே போகாது. டீசலும் கீழே இறங்காது. மூடியைத் தளர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

3. நிறுத்தும் லீவர் 'ஸ்டாப்' நிலையிலேயே இருக்கிறதா? கடைசியாக என்ஜினை நிறுத்தியவர் லீவரைத் திருப்பி வைக்காமல் போயிருக்கலாம். அந்த நிலையில் எவ்வளவு சுற்றினாலும் ஒரு சொட்டு டீசல் போகாது.

4. பம்பின் ராக் என்னும் சிறு தண்டு விரலால் தள்ளினால் முன்னும் பின்னும் நகர்கிறதா? மாதக்கணக்கில் ஓடாத என்ஜினில் அது பிடித்துக்கொள்வதுண்டு. சில சொட்டு டீசல் விட்டு மெதுவாக அசைத்தால் விடும். சுத்தியலால் தட்டக் கூடாது.

5. ஏர் கிளீனரிலும் சைலன்சர் குழாயிலும் குளவிக்கூடோ எலிவளையோ இருக்கிறதா? காற்று உள்ளே வரவும் புகை வெளியேறவும் வழி வேண்டும்.

6. என்ஜின் சுற்றவே மறுக்கிறதா? பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். இப்போது எளிதாகச் சுற்றினால் கோளாறு என்ஜினில் இல்லை. பம்பின் கிளாண்ட் அதிகமாக இறுக்கப்பட்டிருக்கலாம். அல்லது இம்பெல்லரில் சேறோ கல்லோ சிக்கியிருக்கலாம்.

இந்த ஆறையும் பார்க்காமல் நேராக நாசிலைக் கழற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. அதனால் நேரமும் போகும். நல்ல வாஷரும் கெடும்.

ஹேண்டில் பிடிக்கும் முறை

ஹேண்டில் போடும்போது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் ஹேண்டில் கையை விட்டு நழுவும், மணிக்கட்டு முறியாது. வேட்டியை மடித்து இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். தோள் துண்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஓடும் பெல்ட்டில் துண்டு நுனி சிக்கி உயிரிழந்தோர் உண்டு. டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, பிளைவீல் நல்ல வேகம் எடுத்த பிறகே லீவரை விட வேண்டும். அரை வேகத்தில் விட்டால் காற்று போதிய அளவு சூடாகாது. கனமான ஸ்லோ ஸ்பீடு என்ஜினாக இருந்தால் ஒருவர் சுற்ற, மற்றவர் லீவரைக் கவனிப்பது நலம்.

புகை சொல்லும் சேதி

இனி ஒருவர் ஹேண்டில் போடட்டும். மற்றவர் சைலன்சர் வாயைப் பார்க்கட்டும். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

புகையே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை என்று பொருள். டேங்கிலிருந்து நாசில் வரையுள்ள பாதையைப் பார்க்க வேண்டும்.

வெள்ளைப் புகை வந்தும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. கம்ப்ரஷன் குறைவு, டீசலில் தண்ணீர், நாசில் பனிப்புகையாகப் பீய்ச்சாமல் ஒழுகுதல் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

கரும்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதியாகப் போகிறது. நீலம் கலந்த புகை வந்தால் மசகு எண்ணெய் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம்.

புகை இல்லாவிட்டால்: டீசல் பாதை

முதலில் டீசலையே சோதிக்க வேண்டும். டேங்கின் அடியிலிருந்து அரை லிட்டர் டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். டீசல் தண்ணீரைவிட லேசானது. எனவே தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். நடுவில் கோழை போன்ற பழுப்புப் படலம் தெரிந்தால் நீண்ட நாள் தங்கிய டீசலில் கிருமி வளர்ந்திருக்கிறது என்று அறியலாம். பாதி நிரம்பிய டேங்க் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்தால் இரவுக் குளிரில் உள்சுவரில் ஈரம் படிந்து, நீராக இறங்கிச் சேரும். இத்தகைய டீசலை முழுவதும் வடித்து, டேங்கைக் கழுவி, புது டீசல் ஊற்ற வேண்டும். கேன்களில் வாங்கி வந்த டீசலை ஓர் இரவு தெளிய வைத்து, அடி டீசலை விட்டுவிட்டு, துணியில் வடிகட்டி ஊற்றுவது நல்ல வழக்கம்.

அடுத்தது பில்டர். பில்டருக்கு வரும் குழாயைக் கழற்றினால் டீசல் தாராளமாக ஓட வேண்டும். அங்கே ஓடி, பில்டருக்கு அப்பால் சொட்டினால் பில்டர் அடைத்திருக்கிறது. காகித பில்டரைக் கழுவிப் பயனில்லை; மாற்றிவிட வேண்டும். துணி பில்டராக இருந்தால் கையேட்டில் சொன்னபடி கழுவலாம். பில்டரே இல்லாமல் ஓட்டிவிடலாம் என்று எண்ணுவது பெருந்தவறு. இன்ஜெக்‌ஷன் பம்புக்குள் உள்ள எலிமெண்டின் இடைவெளி தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியாத மணல்துகள் அதைக் கீறிவிட்டால் பம்பை மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

ஏர் எடுத்தல்

டேங்க் காலியாகும் வரை ஓடியிருந்தாலோ, பில்டர் அல்லது குழாயைக் கழற்றி மாட்டியிருந்தாலோ, பாதையில் காற்று புகுந்திருக்கும். இதைத்தான் 'ஏர் பிடித்துக்கொண்டது' என்கிறோம். நீண்ட நாள் கிடந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகாததற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதுவே. எடுக்கும் முறை வருமாறு:

1. டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பி டேப்பைத் திறக்கவும். லீவரை ஓடும் நிலையில் வைக்கவும்.

2. பில்டரின் தலையில் உள்ள சிறு ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தவும். முதலில் நுரையும் குமிழியுமாக டீசல் வரும். குமிழி அடங்கி ஒரே சீராக டீசல் வரும் வரை விட்டு, வழியும் நிலையிலேயே ஸ்குரூவை இறுக்கவும்.

3. அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பில் உள்ள ஏர் ஸ்குரூவிலும் இவ்வாறே செய்யவும். வரிசையை மாற்றக் கூடாது. டேங்குக்கு அருகில் உள்ளது முதலில், தொலைவில் உள்ளது பிறகு.

4. கடைசியாக, நாசிலில் சேரும் கனத்த ஹை பிரஷர் பைப்பின் நட்டை ஒரு சுற்று மட்டும் தளர்த்தவும். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கியபடி மெதுவாகச் சுற்றவும். நட்டின் அடியில் நுரை நின்று டீசல் துடித்துத் துடித்து வரத் தொடங்கியதும் இறுக்கவும். முகத்தை அருகில் கொண்டுபோகக் கூடாது. துணியை நட்டின் மேல் போட்டு வைக்கவும்.

5. மறுபடி சுற்றவும். இப்போது ஒவ்வொரு முறையும் நாசிலிலிருந்து 'கிர்ர்' என்ற சிறு சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் டீசல் பாதை சரியாகிவிட்டது. ஹேண்டில் போடலாம்.

ஏர் எடுத்து ஓட்டிய என்ஜின் மீண்டும் மீண்டும் நின்றால் எங்கோ காற்று புகும் வழி இருக்கிறது. ரப்பர் குழாயில் விரிசல், தேய்ந்த செம்பு வாஷர், பழைய கிளிப் ஆகியவற்றைப் பாருங்கள். இணைப்புகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால், ஈரம் கசிந்த இடம் தெரியும். ஒரு சில ரூபாய் மதிப்புள்ள வாஷர் ஒரு போகத்தையே நிறுத்திவிடக்கூடும்.

பம்ப் வரை டீசல் நன்றாக வந்தும், நாசில் நட்டில் துடிப்பு இல்லை என்றால் கோளாறு இன்ஜெக்‌ஷன் பம்பினுள் இருக்கிறது. அதை வயல்வரப்பில் வைத்துப் பிரிக்கக் கூடாது. 1951-இல் பெங்களூரில் மைக்கோ நிறுவனம் தொடங்கப்பட்ட பின் இந்தப் பம்புகளும் நாசில்களும் நம் நாட்டிலேயே கிடைக்கலாயின. இன்று பம்பும் நாசிலும் சோதிக்கும் பட்டறைகள் பெரும்பாலான நகரங்களில் உள்ளன. பம்பை மட்டும் கழற்றி, துணியில் சுற்றி எடுத்துச் சென்றால் போதும். அதன் அடியில் உள்ள மெல்லிய தகடுகளைத் தொலைத்துவிடக் கூடாது. டீசல் பீய்ச்சும் நேரத்தை நிர்ணயிப்பவை அவையே. எத்தனை இருந்தனவோ அத்தனையும் திரும்ப வைக்க வேண்டும்.

வெள்ளைப் புகை வந்தால்: நாசிலும் கம்ப்ரஷனும்

டீசலில் தண்ணீர் இல்லை என்று பாட்டில் சோதனையில் உறுதியான பிறகு, டீகம்ப்ரஷன் லீவரை இறக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் ஸ்பிரிங்கை அழுத்துவது போல் கை திமிர வேண்டும். அந்தத் திமிறல் இருந்தால் கம்ப்ரஷன் உண்டு. சந்தேகம் நாசில் மேல் திரும்ப வேண்டும். நாசிலைக் கழற்றி, பட்டறையில் உள்ள டெஸ்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பனிப்புகையாகப் பரவாமல் ஒழுகினால் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். என்ஜினையே வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டியதில்லை. திரும்ப மாட்டும்போது புது செம்பு வாஷர் வைத்து, இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் அந்த வழியே கம்ப்ரஷன் கசியும்.

கை திமிரவே இல்லை என்றால் காற்று எங்கோ வெளியேறுகிறது. முதலில் வால்வு மூடியைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில், ராக்கர் இரண்டிலும் கையால் அசைத்தால் சிறிது ஆட்டம் தெரிய வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுகியிருந்தால் வால்வு முழுவதும் மூடவில்லை. கையேட்டில் கண்ட இடைவெளிக்குப் பில்லர் கேஜ் வைத்து டேபட்டைச் சரி செய்யலாம். வால்வு தண்டு கரி பிடித்து ஒட்டியிருந்தால் சில சொட்டு டீசல் விட்டு இளக்க வேண்டும்.

அதன் பின்னும் கம்ப்ரஷன் இல்லை என்றால், காற்று உள்ளே போகும் வழியில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் மட்டும் விட்டு, லீவரைத் தூக்கியபடி சில சுற்றுகள் சுற்றுங்கள். பிறகு லீவரை இறக்கிச் சோதியுங்கள். திமிறல் கூடினால் ரிங்கிலும் லைனரிலும் தேய்மானம். கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஆயிலைத் தாராளமாக ஊற்றக் கூடாது. ஆயில் அமுங்காது என்பதால் பிஸ்டன் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதற்கு மேல் உள்ளது மெக்கானிக்கின் வேலை. ஆனால் கோளாறு இன்ன இடத்தில் என்று சொல்லி அழைக்கும்போது அவர் தக்க சாமானோடு வருவார். வேண்டாத செலவும் குறையும்.

வெள்ளத்தில் மூழ்கிய என்ஜின்

கெடிலம், தென்பெண்ணை கரையோர அன்பர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஹேண்டில் போடக் கூடாது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் முதல் வேகத்திலேயே ராடு வளையும்.

முதலில் அடியில் உள்ள ஆயிலை வடியுங்கள். பால் காப்பி நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஏர் கிளீனரைக் கழற்றிக் கழுவுங்கள். நாசிலைக் கழற்றிவிட்டு, பிளைவீலைக் கையால் மெதுவாகப் பல முறை சுற்றுங்கள். சிலிண்டரில் உள்ள நீர் அந்தத் துவாரம் வழியே வெளிவரும். டேங்க், பில்டர், குழாய் அனைத்தையும் வடித்துக் கழுவிப் புது டீசல் நிரப்புங்கள். புது ஆயில் ஊற்றி, ஏர் எடுத்து, பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு மணி நேரம் சுமையில்லாமல் ஓட்டி ஆயிலைப் பாருங்கள். மறுபடி வெளுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ஆயிலுக்காகும் செலவைப் பார்த்துத் தயங்கினால் பேரிங்குக்காகும் செலவு காத்திருக்கும். வண்டல் கலந்த நீர் பம்பினுள் புகுந்திருந்தால் பட்டறையில் காட்டுவதே முறை.

செய்யவே கூடாதவை

காற்று வழியில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டி ஸ்டார்ட் செய்யும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பெட்ரோல் ஆவி நேரம் தவறி வெடித்து ரிங்கை உடைக்கும், ஹேண்டில் திருப்பி அடிக்கும், கொட்டகையும் பற்றும். மார்கழிக் குளிரில் தண்ணீரால் குளிரும் என்ஜின் மக்கர் செய்தால், அதன் தண்ணீர் அறையில் வெந்நீர் ஊற்றிச் சற்று நேரம் விட்டுச் சுற்றுவதே பாதுகாப்பான முறை.

பீய்ச்சும் நாசிலின் முன் விரலைக் காட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் செல்லும். வெளியே ஊசி குத்தியது போல் சிறு புள்ளிதான் தெரியும்; வலியும் முதலில் குறைவாக இருக்கும். ஆனாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலை இழக்க நேரிடும்.

மூன்றாவது, கிணற்றுக்குள் என்ஜினை ஓட்டுவது. மையவிலக்குப் பம்ப் நடைமுறையில் சுமார் 20 அடி ஆழத்திலிருந்துதான் தண்ணீரை உறிஞ்சும். அதனால் நீர்மட்டம் இறங்கும்போது கிணற்றுள் மேடை கட்டி என்ஜினையும் இறக்குவதுண்டு. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனையால் இதைக் கண்டுபிடிக்க முடியாது; விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆள் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் உடன் மடிவார். கிணற்றுக்குள் என்ஜினை ஓட்டவே கூடாது. நீர்மட்டம் அவ்வளவு இறங்கிவிட்டால் கம்ப்ரசர் பம்போ நீர்மூழ்கிப் பம்போதான் வழி. யாராவது மயங்கிக் கிடந்தால் இறங்காமல் தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டும்.

படகு என்ஜினும் புது ரக டிராக்டரும்

பவர் டில்லருக்கும், கடலூர்க் கரையில் பைபர் படகுகளில் பொருத்தும் சிறு டீசல் என்ஜினுக்கும் இதே தத்துவம், இதே வரிசைதான். படகில் உப்புநீர் ஒரு கூடுதல் எதிரி. டேங்க் மூடியின் வழியே அலைநீர் டீசலில் கலக்கும், இணைப்புகள் துருப்பிடிக்கும். ஆகவே ஏர் எடுக்கும் முன்னர் பாட்டில் சோதனை அவசியம். பெட்ரோலில் ஓடும் வெளிப்பொருத்து என்ஜினாக இருந்தால், ஓட்டுபவர் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் சுவிட்சில் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது விலகியிருந்தால் எவ்வளவு முயன்றாலும் ஸ்டார்ட் ஆகாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் 'காமன் ரெயில்' என்ஜின்கள் வந்துவிட்டன. 2023 ஜனவரி முதல் 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாட்டு விதி இறுக்கப்பட்டதால், அவற்றில் இம்முறை பரவியுள்ளது. இவற்றில் அழுத்தம் 1,000 கிலோவையும் தாண்டும். ஹை பிரஷர் பைப்பின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் முறை இவற்றுக்கு அறவே கூடாது. நாம் பார்க்கக்கூடியவை டீசல், பில்டரில் தேங்கிய தண்ணீர், பேட்டரி, அதன் முனைகள், எர்த் கம்பி, பியூஸ் ஆகியவையே. பேட்டரி வலுவிழந்தால் மோட்டார் சுற்றினாலும் கம்ப்யூட்டர் உயிர் பெறாமல் போகலாம். எனவே பேட்டரி முனையில் பூத்த வெண்படலத்தைச் சுரண்டி இறுக்குவதே முதல் வைத்தியம். அதற்கு மேல் கம்பெனி மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும்.

கோளாறு வராமல் காக்க

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் உள்ள ஊற்றுநீரின் அழுத்தத்தைக் குறைக்க 1961 முதல் இரவு பகலாக நீர் இறைக்கப்படுகிறது. அந்தப் பம்புகள் நின்றால் சுரங்க வேலையே நின்றுவிடும் என்பதால் அவற்றைக் காக்க ஒழுங்கான முறை வேண்டியிருக்கிறது. நம் கொட்டகை என்ஜினுக்கும் அத்தகைய சிறு ஒழுங்கு ஒன்று போதும்.

மாதத்தில் ஒரு நாள் குறித்து வைத்து என்ஜினைக் கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். டேங்கை நிரப்பியே வையுங்கள். ஈரம் படிய இடம் இருக்காது. நிறுத்தும்போது லீவரால் நிறுத்துங்கள். டேப்பை மூடி நிறுத்தினால் அடுத்த முறை ஏர் எடுக்க நேரிடும். சைலன்சர் வாயைத் தகர டப்பாவால் கவிழ்த்து மூடுங்கள். ஓட்டும் முன் எடுக்க மறவாதீர்கள். ஆயிலைக் கையேட்டில் சொன்ன மணிக்கணக்கில் மாற்றுங்கள். மாற்றிய தேதியைக் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வையுங்கள். பில்டர் ஒன்று, செம்பு வாஷர் நான்கு, ரப்பர் குழாய் ஓர் அடி, கிளிப் இரண்டு ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டு என்ஜின் அருகிலேயே வையுங்கள்.

ஐப்பசி பிறக்கும் முன்பே, வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், வீட்டில் உள்ள இளைஞர்களையும் பெண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு முறை ஏர் எடுத்துக் காட்டுங்கள். புயல் வரும் இரவில் அதைத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் மட்டும் என்றால் போதாது.